பச்சைத் தகடு

அக்னிரதா மோட்டார்ஸில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுத் திரும்ப எடுக்கும்போது மணி அடிக்க வேண்டும். வரவேற்பறை வாசலில் அதற்கென்றே ஒரு பித்தளை மணி தொங்குகிறது. வண்டிக்காரர் கயிற்றை இழுத்ததும், உள்ளே யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி எழுந்து நின்று கைதட்டுவார்கள். கையில் கிரீஸ் இருப்பவர்கள் முழங்கையோடு முழங்கையை இடித்துக்கொண்டால் போதும் என்று ஒரு சலுகை உண்டு. பிறகு ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். நிஜச் சாவி அதற்கு அப்புறம்.

மண்ணூர் பென்சன் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் மணியும் அடித்தான், அட்டைச் சாவியையும் தூக்கிப் பிடித்தான், சிரிக்கச் சொன்னபோது சிரித்தான். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு வேன். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனிக்கு மண்ணூர்ப் பக்கத்துப் பெண்களை ஷிஃப்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதுதான் பிழைப்பு. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. ஓட வேண்டிய கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்து காட்டினார்கள். இன்ஜின் முழுக்கப் பச்சை நிறத்தில் சின்னச் சின்னத் தகரத் தகடுகள் மெல்லிய கம்பியில் கட்டித் தொங்கின. ஒவ்வொன்றிலும் ‘சோதித்தது – சரி’ என்று அச்சடித்திருந்தது.

“இன்னா மேடம் இது, தேரு மாதிரி ஜோடிச்சி வெச்சிக்கிறீங்க?”

பிரவீனா, வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். மகிழ்ச்சி அவள் முகத்தில் காலை ஒன்பது மணிக்கு ஏறி ஆறு மணிக்கு இறங்கும். “செக் பண்ணின ஒவ்வொரு இடத்துலயும் ஒரு தகடு இருக்கும் சார். முன்னாடி பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டினோம். இன்ஜின் சூட்டுல உரிஞ்சி விழுந்துடுது. செக் பண்ணினதுக்கு ஆதாரமே இல்லாமப் போயிடுது. அதான் தகரம்.”

“செக் பண்ணிட்டீங்கல்ல, அப்பால ஆதாரம் இன்னாத்துக்கு?”

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. “மார்க் கேட்டு போன் வரும் சார். பத்துக்குப் பத்து குடுத்துடுங்க,” என்றாள்.

வியாழக்கிழமை வண்டி ஓடியது. வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் கிளம்பியது. முதலில் மெல்லியதாக, பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறிக்கொண்டு வந்தது.

முன் சீட்டில் எப்போதும் உட்காரும் செங்கமலம், சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் பதினைந்து வருஷமாக நிற்பவள். “இன்னா பென்சனு, குக்கரு வெச்சிக்கிறியா உள்ள? விசில் வுடுது.”

“சர்வீஸ் பண்ணி ரெண்டு நாள் கூட ஆவலக்கா. செட் ஆவுதோ இன்னாவோ.”

வல்லம் தாண்டிச் சிறிது தூரத்தில் உள்ளே ஏதோ ‘டக்’கென்றது. தொடர்ந்து, டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். வண்டியின் இழுவை ஒரேயடியாகச் செத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த லாரி தெரியவில்லை, அவ்வளவு புகை. பென்சன் எப்படியோ ஓரம் கட்டினான். பெண்கள் இறங்கி, துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, கிடைத்த ஷேர் ஆட்டோக்களில் நசுங்கிக்கொண்டு போனார்கள். “லேட்டுனு சூப்பர்வைசரு அரை நாள் சம்பளம் புடிப்பான், உன் வண்டியில கீற புகைய அவன் மூஞ்சில வுடணும்,” என்று சொல்லிவிட்டுத்தான் செங்கமலம் ஏறினாள்.

கம்பெனியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினம் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பென்சனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இன்னிக்கி, நாளைக்கி வேற வண்டி வெச்சி சமாளிச்சிக்கிறேன் பென்சன். திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு உன் வண்டி கேட்டுல நிக்கணும். நிக்கலைன்னா ரூட்டு அந்த வேற வண்டிக்கே போயிடும். என் கையில ஒண்ணும் இல்ல.”

போனை வைத்த பிறகும் பென்சன் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். ரூட்டு போனால் வண்டி எதற்கு, வண்டி இல்லாவிட்டால் அவன் எதற்கு என்று அவனுக்கு உடனே விளங்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அக்னிரதாவுக்கு வந்தார்கள். உள்ளே வரும் எந்த வண்டிக்கும் பொட்டு வைத்து ரோஜாப்பூ கொடுப்பது அங்கே விதி. கயிற்றில் கட்டி இழுத்து வந்த வேனுக்கும் கண்ணாடியில் சந்தனம் வைத்தார்கள். பூ பென்சன் கைக்கு வந்தது.

“வெல்கம் பேக் சார்!” என்றாள் பிரவீனா. “ரெண்டே நாள்ல திரும்ப வந்த வாடிக்கையாளர் இந்த மாசத்துல நீங்கதான் முதல். கம்ப்யூட்டர் உங்கள ‘விசுவாச வாடிக்கையாளர்’னு காட்டுது.”

“மேடம், வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சி மேடம்.”

“அது தெரியும் சார். ஆனா கம்ப்யூட்டர்ல, திரும்ப வந்தா பிடிச்சதனாலதான் வந்தாங்கன்னு மட்டும்தான் இருக்கு. வேற காரணம் போட எடம் இல்ல.” கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

மேலாளர் எழிலரசன் வந்தார். தோளில் கை போட்டார். “பென்சன், நாங்க இங்க வண்டி ரிப்பேர் பண்றதில்ல. உறவை வளர்க்குறோம்.”

“ரிப்பேரு யாரு சார் பண்ணுவாங்க?”

“அதுக்குப் பசங்க இருக்காங்க,” என்றார் எழிலரசன்.

மெக்கானிக் கார்முகில்தான் புதன்கிழமையும் அந்த வண்டியைப் பார்த்தவன். குனிந்த தலை நிமிராமல் குழாய்களைக் கழற்றினான். டர்போ என்பது ஒரு நத்தை ஓட்டுக்குள் சுற்றும் சின்ன விசிறி. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு மணல் பருக்கை போனால் கூட அதற்கு ஆகாது என்பதற்காகத்தான் வாசலில் ஏர் ஃபில்டரைக் காவல் வைத்திருக்கிறார்கள். விசிறியின் இதழ்கள் எலி கடித்த அப்பளம் போலிருந்தன. அவற்றுக்கு நடுவில் எதுவோ பச்சையாகச் சுருண்டிருந்தது. கார்முகில் இடுக்கியால் அதைப் பிடுங்கி மேஜைமேல் போட்டான்.

பென்சனுக்குக் காதுக்குள் அந்த விசில் மறுபடி கேட்டது.

எழிலரசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “எழுத்து தெரியுதா?”

“தெரியுது சார்,” என்றான் கார்முகில், வாய்க்குள்ளேயே. “‘சோதித்தது – சரி.’”

எழிலரசன் நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. “பாருங்க. சோதிச்சிருக்கோம்.”

“சார், அதுதானே சார் உள்ள பூந்து ஒடச்சிக்கிது!”

“பென்சன், நிதானமா யோசிங்க. தகடு இல்லாம இருந்திருந்தா, நாங்க சோதிக்கவே இல்லைன்னு நீங்க கேஸ் போடலாம். இப்ப ஆதாரம் உங்க வண்டிக்குள்ளயே இருந்து கிடைச்சிருக்கு. இதவிட வெளிப்படையா ஒரு சர்வீஸ் சென்டர் எப்படி இருக்க முடியும்?”

புது டர்போ ஸ்டோரில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், அலமாரியில், பிரிக்காத பெட்டியில். பென்சன் விரலால் தொட்டுக் காட்டினால் கண்ணாடிதான் தடுக்கும், அவ்வளவு கிட்டத்தில். மாட்டுவதற்கு அரை நாள் போதும் என்று கார்முகிலே சொன்னான். ஆனால் மூல காரணம் கண்டுபிடிக்காமல் எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது என்பது விதி. மூல காரணத்தைக் கண்டுபிடிக்க ‘ஏன் ஏன்’ கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்துக்கு மண்டலத் தர அதிகாரி பகலவன் வர வேண்டும். சனிக்கிழமை அவருக்கு வேறோர் ஊரில் தரத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை காலை வருவார்.

“காரணந்தான் மேஜ மேலயே கீதே சார்,” என்றான் பென்சன்.

“அது பொருள். காரணம் வேற,” என்றார் எழிலரசன்.

சனிக்கிழமை முழுக்க பென்சன் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிர்சாதனம் ஓடியது, அவனுக்கு வேர்த்தது. மனைவி ரோஸி போன் செய்தாள்.

“இன்னா சொல்றாங்க?”

“நாளைக்கி கூட்டமாம்.”

“நாளைக்கி சர்ச்சுல பூசைக்கி வர மாட்டியா?”

“வரல. நீ போய் வேண்டிக்க.”

“இன்னான்னு வேண்டிக்கறது? அந்த தகட்டக் கட்டினவன் கை வெளங்கக் கூடாதுன்னா?”

“அப்பிடிலாம் வேண்டாத. அவன் பாவம், ஒண்ணும் பேசாமயே கீறான்.”

சாயங்காலம் வெளியே டீக்கடையில் கார்முகில் தானாகவே வந்து பக்கத்தில் நின்றான். டீ வாங்கினான், குடிக்கவில்லை. இருபுறமும் பார்த்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன், வெளிய வுட்றாத. ஏர் ஃபில்டர் மாத்தினா அந்தப் பொட்டிக்குள்ளயும் தகடு கட்டணும்ணே. ஃபில்டருக்கு இந்தாண்ட, இன்ஜின் பக்கமா. செக் பண்ண எடத்துலயே இருக்கணும்னு ரூலு.”

“அடப்பாவி, கம்பி அறுந்தா நேரா டர்போக்குள்ளதான போவும்?”

“போவும். எங்க எல்லாருக்கும் தெரியும். அதனால கட்டுவோம், போட்டோ எடுப்போம், கம்ப்யூட்டர்ல ஏத்துவோம், அப்பால சத்தமில்லாம கழட்டி பாக்கெட்டுல போட்டுக்குவோம். இத்தினி மாசமா ஒரு வண்டிக்கும் ஒண்ணும் ஆவல.”

“எனக்கு மட்டும் இன்னா வந்துச்சி?”

கார்முகில் டீயைப் பார்த்தபடி சொன்னான். “புதன்கிழமை அந்தப் பகலவன் சார் ஆடிட்டுக்கு வந்திருந்தாருண்ணே. உன் வண்டிக்கிட்டயே நின்னுக்கினு இருந்தாரு, மூடி போட்டு ஸ்க்ரூ முறுக்குற வரைக்கும். கழட்ட முடியல. ‘முழு மதிப்பெண்’னு என் முதுகுல தட்டிட்டுப் போனாரு. நானு கான்ட்ராக்டுல கீறேன்ணே. தெனமும் கழட்டறோம்னு தெரிஞ்சா, அன்னிக்கே கேட்டுக்கு வெளிய.”

பென்சனுக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. எதுவும் தெரியாமல் இருந்தபோது கோபமாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பகலவனின் உரையோடு தொடங்கியது.

“நண்பர்களே, தோல்வி என்று ஒன்று இல்லை. அறிக்கை எழுதப்படாத வெற்றி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். இந்த டர்போ உடைந்ததால் நமக்குக் கிடைத்திருக்கும் கற்றல் வாய்ப்பை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.” எல்லோரும் பென்சனைப் பார்த்துக் கைதட்டினார்கள். கார்முகில் முழங்கையை இடித்துக்கொண்டான்.

“ஐந்து முறை ஏன் கேட்டால் உண்மை வந்து நிற்கும். இது உலகம் ஒப்புக்கொண்ட முறை. ஒன்று: டர்போ ஏன் உடைந்தது?”

“தகடு உள்ளே போனதால்,” என்றார் எழிலரசன். பகலவன் பலகையில் எழுதினார்.

“தகடு ஏன் உள்ளே போனது?”

“காற்று இழுத்ததால்.”

“காற்று ஏன் இழுத்தது?”

“இன்ஜின் ஓடியதால்.”

“அருமை. இன்ஜின் ஏன் ஓடியது?”

ஒவ்வொரு தலையாகப் பென்சன் பக்கம் திரும்பியது.

“நாந்தான் சார் ஸ்டார்ட் பண்ணேன்,” என்றான் பென்சன்.

“ஏன் ஸ்டார்ட் செய்தீர்கள்?”

“வேலைக்கிப் போவணுமே சார்.”

பகலவன் பேனாவின் மூடியைச் சொடுக்கினார். ‘மூல காரணம்: வாடிக்கையாளர் வேலைக்குப் போனது’ என்று சிவப்பில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

“சார்,” பென்சன் எழுந்துவிட்டான். “அந்தத் தகடு அங்க இன்னாத்துக்கு சார் இருந்துச்சி? அத ஒரு ஏன் கேளுங்க சார்.”

பகலவன் கனிவோடு சிரித்தார். “அது இந்த வரிசையில் வராது. தகடு ஆதாரம். ஆதாரம் எப்படிக் காரணமாகும்? இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்டுவிட்டார்; மனித அம்சத்தையும் பார்த்துவிடுவோம். கார்முகில், அன்று விதிமுறையிலிருந்து ஏதாவது விலகினாயா?”

“இல்ல சார். நீங்களே நின்னுக்கினு இருந்தீங்க.”

“வேறு எப்போதாவது விலகியிருக்கிறாயா?”

கார்முகில் கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைக்கத் தொடங்கினான். எழிலரசன் பேனாவை எடுத்தார். பென்சனுக்கு நன்றாகத் தெரிந்தது: இப்போது அவன் வாய் திறந்து நடந்ததைச் சொன்னால் ‘மூல காரணம்’ பலகையில் மாறிவிடும். வாடிக்கையாளர் பெயரை அழித்துவிட்டுக் கார்முகில் பெயரை எழுதுவார்கள். இன்னொரு கூட்டம் வைப்பார்கள். பெட்டி அலமாரியிலேயே இருக்கும்.

“அவரு எல்லாத்தையும் ஒழுங்காத்தான் சார் செஞ்சாரு,” என்றான் பென்சன். “அதனாலதான் இப்பிடி ஆச்சி.”

முதல் வாக்கியத்தை மட்டும் பகலவன் குறித்துக்கொண்டார்.

தீர்வையும் அங்கேயே எடுத்தார்கள். இனிமேல் ஒவ்வொரு பச்சைத் தகட்டின் பக்கத்திலும் ஒரு சிவப்புத் தகடு கட்டப்படும். பச்சைத் தகடு கெட்டியாகக் கட்டப்பட்டிருப்பதைச் சோதித்ததற்கு அது ஆதாரம். அவ்வளவு நேரம் சும்மா இருந்த பிரவீனா, “அப்போ சிவப்பு விழுந்துட்டா சார்?” என்று கேட்டாள். அது சிறந்த ஆலோசனை என்று சொல்லி அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

மூல காரணத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று பென்சன் கையெழுத்துப் போட்டான். அதன் பிறகுதான் அலமாரியைத் திறந்தார்கள். உடைந்த துண்டுகளைக் குழாய்களிலிருந்து துடைத்தெடுத்து, புது டர்போவை மாட்டி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல் அரக்கு நிறத்தில் ஒரு சீல்.

“அத ஒருதபா தொறந்து காட்டிடுங்க சார்,” என்றான் பென்சன்.

“சீலை உடைச்சா வாரண்ட்டி போயிடும்,” என்றார் எழிலரசன். “தொறக்காமலே நம்புறதுதான் உறவு.”

பிரவீனா அவனைத் தனியாக அழைத்துப்போனாள். மகிழ்ச்சி இறங்கும் நேரம் தாண்டியிருந்ததால் சொந்தக் குரலில் பேசினாள். “அண்ணா, காலையில போன் வரும். மிஷின்தான் பேசும். பத்துக்குக் கம்மியா குடுத்தா கம்ப்ளெயின்ட் தானா திறந்துக்கும். திறந்துட்டா வண்டிய இங்க எடுத்துக்கினு வந்து, நீங்க திருப்தி ஆவுற வரைக்கும் நாங்க வெச்சிக்கணும்.”

“எத்தினி நாளு?”

“திருப்திக்கு நாள் கணக்கு கெடையாதுண்ணா.”

மணி அடித்தான். அட்டைச் சாவியைப் பிடித்தான். சீட்டில் ஏறி, நிஜச் சாவியைத் துவாரத்தில் வைத்த பிறகு அவனால் திருப்ப முடியவில்லை. சீலை உடைத்தால் வாரண்ட்டி இல்லை. உடைக்காமல் கிளப்பினால், உள்ளே பச்சையும் சிவப்புமாக இரண்டு தகடுகள். எல்லோரும் மறுபடி கைதட்டக் காத்திருந்தார்கள்.

கார்முகில் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஜன்னலோரம் குனிந்தான். “தைரியமா கெளப்புண்ணே. ரெண்டும் போட்டோல கீது. உள்ள இல்ல.”

இன்ஜின் கிளம்பியது. கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை விடிவதற்குள் மண்ணூரில் பெண்கள் ஏறினார்கள். யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வந்தது, போனது. வல்லம் வந்தபோது செங்கமலம் சாப்பாட்டுப் பையை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்து, குதிக்கத் தயாராக ஒரு காலை நீட்டிக்கொண்டாள். பென்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினான். விசில் இல்லை. டக் இல்லை. வண்டி இழுத்தது.

“நல்லாத்தான்யா கீது,” என்றாள் செங்கமலம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கம்பெனி கேட்டில் வேன்கள் வரிசையாக நின்றன. ரத்தினம் வாசலில் நின்று ஒவ்வொரு வண்டியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பென்சன் வண்டிக்கு முன்னால் இன்னும் ஒன்றுதான். போன் அடித்தது. ஸ்டியரிங்கை விட முடியாமல் ஸ்பீக்கரில் போட்டான்.

“வணக்கம். அக்னிரதா மோட்டார்ஸ். எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் தரவும்.”

“பூஜ்யம் போடு!” என்றது பின் சீட்டு.

பென்சன் பத்தை அழுத்தினான். செங்கமலம் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“நன்றி. கடைசிக் கேள்வி. உங்கள் வண்டியில் எங்கள் விதிமுறைகள் எல்லாம் முழுமையாகப் பின்பற்றப்பட்டனவா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். வண்டியைத் திரும்ப எடுத்துவந்து முழுமையாகச் செய்து தருகிறோம்.”

இன்ஜின் அவன் காலடியில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ரத்தினம் கையை அசைத்தார். பென்சன் ஒன்றை அழுத்திவிட்டு வண்டியை உள்ளே ஓட்டினான். ரத்தினம் தலையை ஆட்டினார். ரூட்டு கையிலேயே நின்றது.

“நன்றி,” என்றது போன். “உங்கள் பதிலால் ஊக்கம் பெற்று, அடுத்த சர்வீஸ் முதல் உங்கள் வண்டியை மண்டலத் தர அதிகாரி திரு. பகலவன் தொடக்கம் முதல் முடிவு வரை நேரில் நின்று மேற்பார்வையிடுவார்.”

பெண்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். பென்சன், அடுத்த சர்வீஸுக்கு இன்னும் எவ்வளவு ஓடலாம் என்று கிலோமீட்டர் கணக்கையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“இன்னாயா, பேயறஞ்ச மாதிரி குந்திக்கினு கீற? ரூட்டுதான் கெடச்சிடுச்சே,” என்றாள் செங்கமலம்.

“அக்கா, கோச்சிக்காத,” என்றான் பென்சன். “நாளைலேர்ந்து எல்லாரும் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நடந்து வந்து ஏறிக்கிறீங்களா?”